நெஞ்சுவலியில போன போலீஸ்காரரு டியூட்டியால தான் செத்தாருன்னு நிரூபிக்கது எப்படி?

எங்க சித்தப்பா போலீஸ் வேன் ஓட்டுன ஏட்டு. ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் பந்தோபஸ்து, கீழ இருந்து ஆள் ஏத்திட்டு மலைக்குப் போறது, அங்க நின்னு களைச்சவங்கள எறக்கிட்டு வாறது, இதே சோலியா அஞ்சு நாள் ராவும் பகலும் ஓட்டுனாக. ஆறாவது நாள் வெள்ளன வேனக் கொண்டாந்து நிறுத்தி சாவியக் குடுத்துட்டு, லைன் வீட்டு (போலீஸ் குடியிருப்பு) நடையில உக்காந்து பூட்ஸ் கயித்த அவுத்துக்கிட்டு இருக்கும்போதே செவுத்துல சாஞ்சுட்டாக. ஒரு கால்ல பூட்ஸ் இருந்துச்சு, ஒரு கால்ல இல்ல. ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், வரும்போதே உயிர் இல்லன்னு எழுதிட்டாக. வயசு 45.

பதினாறாம் நாள் அடியந்திரம் முடிஞ்சு சித்தி ஒரு ஆபீஸ்ல போயி நின்னா, "அவுக வீட்டுல வச்சுல்லாம்மா இறந்திருக்காக, சுகர் வேற இருந்திருக்கு, இது இயற்கை மரணம் தான்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாக. சித்தி வெளிய வந்து எங்கிட்ட கேட்டது இன்னும் காதுல நிக்கி. "எய்யா, செத்த எடம் வீடுன்னா சாவு வந்த எடமும் வீடு தானா?"

நான் பாளையங்கோட்டையில வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா. இந்த மாதிரி ஈட்டுத்தொகை மனு நெறைய டைப் அடிச்சிருக்கேன், ஆனா சொந்த வீட்டுல நடந்த பெறகு தான் ஒவ்வொரு வரியும் எதுக்கு இருக்குன்னு ஒறைச்சுச்சு. சித்தி கேட்ட அந்தக் கேள்விக்கு சட்டம் என்ன பதில் சொல்லுது, எங்க எங்க இடறுது, என்ன பேப்பர் வேணும்னு எனக்குத் தெரிஞ்சத எழுதுதேன். போலீஸ் குடும்பம் நம்ம பக்கம் கொஞ்சமா நஞ்சமா. மணிமுத்தாறுல மட்டுமே ரெண்டு பட்டாலியன் இருக்கு.

மொதல்ல சட்டம். 1923-ல போட்டது. வொர்க்மேன் காம்பன்சேஷன் ஆக்ட்னு இருந்தத 2009-ல திருத்தி எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் ஆக்ட்னு பேரு மாத்துனாக, 2010 ஜனவரியில இருந்து அமல். இப்ப இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள்ள போயிருச்சு, ஆனா அதுக்கு முன்னாடி நடந்த சாவுக்கெல்லாம் பழைய சட்டத்த வச்சு தான் வாதம் ஓடிட்டு இருக்கு, புதுசுலயும் அடிப்படை வாசகம் கிட்டத்தட்ட அதே தான். மூணாவது பிரிவுல என்ன சொல்லுதுன்னா, விபத்தால ஒரு காயம் ஏற்பட்டிருக்கணும், அது வேலை பாக்கும்போது ஏற்பட்டிருக்கணும், அந்த வேலையால ஏற்பட்டிருக்கணும். டியூட்டியில இருக்கும்போது செத்தாருங்கறது ஒண்ணு, டியூட்டியால செத்தாருங்கறது இன்னொண்ணு. ரெண்டும் வேணும். நெறைய பேரு மொத பாதிய மட்டும் காட்டிட்டு, யூனிபார்ம்ல தான செத்தாருன்னு நின்னுருதாக. கப்பல்ல இருந்து காணாமப் போன ஒரு மாலுமியோட வழக்குல 1969-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு, ரெண்டாவது பாதிய நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கேக்கவங்க தலையில தான்னு.

அப்ப நோய்? அங்க தான் பெரிய முடிச்சு. சட்டத்தோட மூணாவது அட்டவணையில தொழில் நோய்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல உள்ள நோய் அந்தந்த வேலையில உள்ளவருக்கு வந்தா, வேலையால வந்ததாவே எடுத்துக்குவாக, எதிர்த் தரப்பு தான் இல்லன்னு காட்டணும். பட்டியல்ல இல்லாத நோய்னா, அது வேலையில நடந்த ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்தோட நேரடியா சேந்ததா இருந்தா தான் காசு. மாரடைப்பு அந்தப் பட்டியல்ல கெடையாது. பக்கவாதமும் கெடையாது. போலீஸ்காரங்கள அதிகமா கொண்டு போறதா நாம கண்ணால பாக்குறது இந்த ரெண்டும் தான்.

ஆனா கோர்ட்டுங்க இதுக்கு ஒரு வழிய ரொம்ப காலத்துக்கு முன்னாடியே திறந்து வச்சிருக்கு. 1910-ல இங்கிலாந்துல ஒரு தொழிலாளி, ஏற்கனவே ரத்தக்குழாய் வீங்கி எந்நேரமும் வெடிக்குற நெலமையில இருந்தவரு, ஸ்பானர் போட்டு நட்டு முறுக்கும்போது அது வெடிச்சு செத்துட்டாரு. சும்மா தூங்கும்போது கூட வெடிச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்ன பெறகும், முறுக்குன அந்த வேலை தான் கடைசித் தள்ளு தள்ளுச்சு, அதுவே விபத்து தான்னு தீர்ப்பு. 1954-ல பம்பாய் ஹைகோர்ட்ல தலைமை நீதிபதி சாக்ளா, இருதய நோய் உள்ள ஒரு துறைமுக வாட்ச்மேன் வழக்குல இதே வழியில போனாரு. நோய் முன்னமே இருந்தாலும் சரி, வேலை அந்தச் சாவ வேகப்படுத்துச்சுன்னா, ஒரு காரணமா சேந்துக்கிட்டுன்னா போதும். எங்க சித்தப்பாவுக்கு சுகர் இருந்துச்சுன்னு அந்த ஆபீஸ்ல சொன்னாகள்லா, அதுக்கு இது தான் பதில். சுகர் இருந்தது வழக்க முடிக்காது.

இதக் கேட்டுட்டு மாரடைப்புன்னாலே காசு வந்துரும்னு நெனச்சிரக்கூடாது. 2006-ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு வழக்குல குடும்பத்துக்கு இல்லன்னுட்டு. ஒண்ணு நெல்லூர் பக்கம் ஒரு தொழிலாளி, அவருக்கு வேலை சுவிட்சப் போடுறது அணைக்கிறது, இதுல என்ன அலுப்பு இருக்க முடியும்னு டாக்டரே சாட்சி சொல்லிட்டாரு. இன்னொண்ணு ஒரு வண்டி கிளீனர், சின்ன வயசு. அவருக்கு அன்னைக்கு என்ன வேலை, எவ்வளவு பாரம்னு குடும்பம் ஒண்ணுமே காட்டல, வேலையில இருக்கும்போது நெஞ்சுவலி வந்ததுனாலயே வேலையால வந்ததுன்னு தானா எடுத்துக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிட்டு. கொஞ்ச வருஷம் கழிச்சு வந்த லாரி டிரைவர் வழக்குல அதே கோர்ட் குடுக்கச் சொல்லுச்சு. டெல்லியில இருந்து ஜார்க்கண்ட் வரைக்கும் 1152 கிலோமீட்டர் ஓட்டிட்டு, ஓட்டல் பக்கம் வண்டிய நிறுத்திட்டு மயங்கி விழுந்தவரு. சாகும்போது ஸ்டியரிங்ல கை இல்ல. இருந்தாலும் அந்த 1152 கிலோமீட்டர் அவருக்காக சாட்சி சொல்லுச்சு.

இந்த மூணையும் ஒண்ணா வச்சுப் பாத்தா என் புத்திக்கு எட்டுறது இது தான். எல்லாரும் நெஞ்சுவலி நெஞ்சுவலின்னு நோயப் பத்தியே பேசுறோம், ஆனா வழக்கு நிக்குறதும் விழுறதும் கடைசி ஒரு வாரம் பத்து நாள்ல அவரு என்ன வேலை பாத்தாருங்கறதுல தான். அந்த விவரம் பூரா துறை கையில உள்ள பேப்பர்ல இருக்கு. குடும்பத்துக்கிட்ட இருக்கது யூனிபார்மும் போட்டோவும் தான்.

அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி இன்னொரு இடறல் இருக்கு. போலீஸ்காரரு இந்தச் சட்டப்படி எம்ப்ளாயியா? இரண்டாவது அட்டவணையில யார் யாருக்கு இந்தச் சட்டம்னு வரிசையா போட்டிருக்கு. அதுல தீயணைப்புப் படைன்னு தெளிவா ஒரு வரி இருக்கு. போலீஸ்னு ஒரு வரி இல்ல. தீயணைப்பு வண்டியும் போலீஸ் வேனும் ஒரே பாலத்துல நின்னு வெள்ளத்துல ஆளத் தூக்குது, ஒருத்தரு பட்டியல்ல இருக்காரு, இன்னொருத்தரு இல்ல. எனக்கு இது நியாயமா படல. அதனால பாரா நிக்குற, பந்தோபஸ்து பாக்குற சாதா கான்ஸ்டபிள் குடும்பம் இந்த வழியா வந்தா, கவுண்டர்ல, அதாவது துறை போடுற பதில் மனுவுல, மொத வரியே இவரு எம்ப்ளாயியே இல்லன்னு தான் வரும். மோட்டார் வண்டி ஓட்டுற, பராமரிக்குற வேலை பட்டியல்ல இருக்கு, அரசுத் துறையும் இந்தச் சட்டத்துக்கு முதலாளி தான்னு எழுதியிருக்கு, அதப் பிடிச்சு தான் சித்தப்பாவுக்கு நாங்க மனு போட்டோம்.

மத்தவங்களுக்கு வழியே இல்லன்னு இல்ல. அசாதாரண ஓய்வூதியம்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஊருல சி.ஆர்.பி.எஃப்-ல போன பயலுவ எத்தன பேரு, அவங்களுக்கு உள்ள மத்திய அரசு விதியில சாவ அஞ்சு வகையா பிரிச்சிருக்காக. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத நோய்ச் சாவு முதல் வகை. வேலையால வந்த, இல்லன்னா வேலையால முத்திப்போன நோய்ச் சாவு ரெண்டாவது வகை, இதுக்கு கூடுதல் பென்ஷன். பாருங்க, அங்கயும் அதே கேள்வி தான் வருது, அதே பேப்பர் தான் வேணும். மாநிலப் போலீஸ் குடும்பம் மதுரை ஹைகோர்ட் கிளையில ரிட் போட்டாலும் நீதிபதி கேக்கப் போறது அதத்தான்.

இன்னொரு விசயம், கருணை வேலை. அதுக்கு சாவு எதனாலன்னு நிரூபிக்க வேண்டாம், மூணு வருஷத்துக்குள்ள மனு குடுத்தா போதும். பையனுக்கு வேலை வந்துரும்னு சொன்ன உடனே குடும்பம் மத்த எல்லாத்தையும் விட்டுருது, எதுக்குத் துறைய பகைச்சுக்கிட்டுன்னு. நான் அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கருணைன்னு குடுக்கதும் உரிமைன்னு வாங்குறதும் வேற வேற, ஒண்ண வாங்குனதால இன்னொண்ணு போயிராது.

இப்ப சாட்சியம். மொதல்ல டாக்டர் பேப்பர். இறப்புக் காரணச் சான்றுல முக்காவாசி "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்"னு எழுதியிருப்பாக. அதுக்கு அர்த்தம் இதயமும் மூச்சும் நின்னுட்டுன்னு மட்டும் தான். எந்த மனுசன் செத்தாலும் அது ரெண்டும் நிக்கத் தான் செய்யும். ஏன் நின்னுச்சுன்னு அடுத்த வரி வேணும், அத எழுதாம சான்று வாங்கிட்டு வந்தா பெறகு அலையணும்.

அடுத்து போஸ்ட்மார்ட்டம். இதச் சொல்லும்போது எனக்கு மனசு கெடந்து அடிக்கும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில சித்தி, "எய்யா, அவுகள அறுக்க விட்டுராத, முழுசா கொண்டு வா"ன்னு கையப் பிடிச்சுக் கெஞ்சுனா, நானும் சரின்னு தலையாட்டி எழுதிக் குடுத்து வாங்கிட்டு வந்தேன். பதினஞ்சு வருஷம் கோர்ட்டுக் கட்டுச் சொமந்த எனக்கே அப்பத் தோணல. போஸ்ட்மார்ட்டம் பண்ணி இதயத்தசைய மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்பியிருந்தா, அடைப்பு புதுசா பழசா, தசை பட்டுப்போயி எத்தன மணி நேரம் இருக்கும்னு ஒரு கணக்கு வந்திருக்கும். அடைப்பு வந்து கொஞ்ச நேரத்துல செத்தா வெறுங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் ஆயிருந்தா தசையில அடையாளம் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் மலைப்பாதையில வேன் ஓட்டும்போதே அது தொடங்கியிருந்துச்சுன்னு அந்த ஒரு பேப்பர் சொல்லியிருக்கும். வீட்டுல செத்தாரா வெளிய செத்தாராங்கற பேச்சுக்கே வேலை இருந்திருக்காது. இத வாசிக்கவங்க வீட்டுல அப்படி ஒண்ணு நடக்கவே கூடாது, நடந்துட்டுன்னா மனசக் கல்லாக்கிக்கிட்டு போஸ்ட்மார்ட்டம் கேளுங்க.

அது இல்லாத எடத்துல மனுச சாட்சி. கடைசி நாள் ராத்திரி பாபநாசத்துல வண்டிய ஓரங்கட்டி, நெஞ்சக் கரிக்குன்னு சொல்லி சித்தப்பா சோடா வாங்கிக் குடிச்சிருக்காக. கேஸ்னு நெனச்சு ஜெலுசில் மாத்திரை ரெண்டு வாயில போட்டு மென்னுருக்காக. மீதி பட்டை சட்டைப்பையில இருந்துச்சு. கூட இருந்த கான்ஸ்டபிள் தம்பி கேதத்துக்கு வந்தப்ப அழுதுக்கிட்டே சொன்னான், "அண்ணாச்சி, நான் ஓட்டுதேன்னு சொன்னேன், இன்னும் ஒரு ட்ரிப் தானலேன்னுட்டாக." அத எழுதிக் குடுடேன்னா தயங்குதான். அவனுக்கும் புள்ளக்குட்டி இருக்கு, அதே மேலதிகாரிக்குக் கீழ தான் நாளைக்கும் ரோல் காலுக்கு நிக்கணும். சாட்சிய நாமளே கெஞ்சிக் கூப்பிடுறத விட, இந்த மனுவ விசாரிக்குற ஈட்டுத்தொகை ஆணையர் வழியா சம்மன் அனுப்புறது அவனுக்கும் நல்லது. கோர்ட் கூப்பிட்டுச்சு, போனேன்னு சொல்லிக்கலாம். ஆணையருக்கு அந்த அதிகாரம் 23-ம் பிரிவுல இருக்கு, ஆளையும் வரவழைக்கலாம், ஆவணத்தையும் கொண்டு வரச் சொல்லலாம்.

சித்திக்கு அன்னைக்கு ராத்திரி வாட்ஸப்ல ஒரு வாய்ஸ் வந்திருந்துச்சு. "நாளைக்கும் சேத்துப் போட்டுட்டாக, மேலுக்கு முடியல, நெஞ்செல்லாம் காந்துது, வந்து படுக்கணும்"னு 14 செகண்டு. ரெண்டு மாசம் கழிச்சு சித்தி பையன் காலேஜுக்கு அந்த போனக் கொண்டு போறதுக்கு ரீசெட் பண்ணிட்டான், அவனுக்கு என்ன தெரியும். நல்ல காலம் சித்தி அத அவ அக்காவுக்கு அனுப்பியிருந்தா, அந்த போன்ல கெடந்துச்சு. இப்ப உள்ள சாட்சியச் சட்டம் 63-ம் பிரிவுல சான்று போட்டு அதத் தாக்கல் பண்ணியிருக்கோம். செத்தவரு போன், வீட்டுக்காரம்மா போன், ரெண்டையும் அப்படியே அணைச்சு எடுத்து வைங்க. வேற எதையும் விட இது எளிசு, இதத்தான் எல்லாரும் விடுதோம்.

இனி துறை பேப்பர். ஸ்டேஷன்ல இருந்தவருன்னா பொது நாட்குறிப்பு, எந்த மணிக்கு வந்தாரு எந்த மணிக்கு வெளிய போனாருன்னு ஜி.டி.யில இருக்கும். வெளி டியூட்டின்னா பாஸ்போர்ட்னு ஒரு சீட்டு போட்டுத் தான் அனுப்புவாக. பந்தோபஸ்துன்னா ஆள் பிரிச்ச உத்தரவு இருக்கும். லீவ் கேட்டு மறுத்த மனு இருந்தா அது பொன்னு மாதிரி. வார ஓய்வு பதிவேடும் கேக்கணும். 2021-ல தமிழ்நாட்டுல கான்ஸ்டபிள்ல இருந்து ஏட்டு வரைக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வுன்னு அரசாணையே வந்தாச்சு, அப்ப கடைசி ரெண்டு மாசத்துல எத்தன நாள் ஓய்வு குடுத்தீங்கன்னு கேட்டா அதுக்கு ஒரு பதில் இருந்தே ஆகணும்லா. ஓய்வு குடுக்கலன்னா, அரசே தேவைன்னு ஒத்துக்கிட்ட ஓய்வ மறுத்து வேலை வாங்கியிருக்காகன்னு அர்த்தம். பதிவேட்ட கொண்டு வரலன்னா, கொண்டு வந்தா அவங்களுக்குப் பாதகமா இருக்கும்னு எடுத்துக்க சாட்சியச் சட்டத்துல எடம் இருக்கு.

அலுப்புக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு டாக்டர் சாட்சி சொல்லும்போது சும்மா பொத்தாம்பொதுவா சொன்னா நிக்காது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.எல்.ஓ.ங்கற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021-ல ஒரு ஆய்வு விட்டாக, வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்குறவங்களுக்கு, 35 முதல் 40 மணி பாக்குறவங்கள விட, பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய அடைப்புல சாகுற அபாயம் 17 சதவீதமும் கூடன்னு. இந்தியாவுல போலீஸ்காரங்க சராசரியா ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை பாக்குறாகன்னு 2019-ல வந்த போலீஸ் நிலை அறிக்கை சொல்லுது. ஆறு நாள் வேலைன்னு வச்சாலே 84 மணி. இத டாக்டர் முன்னாடி வச்சு கேள்வியா கேட்டா தான் பதிவாகும்.

மாரடைப்ப விட்டுட்டு தொத்து நோய்க்கு வந்தா வழி கொஞ்சம் லேசு. தொத்து அபாயம் குறிப்பா உள்ள வேலையில வந்த தொத்து நோய் மூணாவது அட்டவணையோட முதல் பகுதியிலயே இருக்கு. பாளை ஜெயில்ல இருந்து கைதிய ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் எஸ்கார்ட் போறவங்க, கைதி வார்டுல ராப்பகலா பாரா நிக்கவங்க, அவங்களுக்கு டி.பி. வந்தா இந்த வரியப் பிடிக்கலாம். கொரோனா நேரத்துல கங்கைகொண்டான் செக்போஸ்ட்ல ஒவ்வொரு கார் கண்ணாடியா குனிஞ்சு இ-பாஸ் பாத்தவங்களும் அப்படித்தான். எந்தக் கைதி, எந்தத் தேதி, அவருக்கு நோய் இருந்துச்சாங்கற பதிவு இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். அமெரிக்காவுல 2003-ல ஒரு சட்டம் போட்டாக, போலீஸ்காரரு கடுமையான, வழக்கத்துக்கு மிஞ்சுன டியூட்டி பாத்து 24 மணி நேரத்துக்குள்ள மாரடைப்போ பக்கவாதமோ வந்து செத்தா, அது டியூட்டிச் சாவுன்னே எடுத்துக்கணும், இல்லன்னா அரசு தான் காட்டணும். நம்ம நாட்டுலயே ராணுவத்துக்கு அந்த மாதிரி ஒரு நியாயம் இருக்கு. 2013-ல சுப்ரீம் கோர்ட் ஒரு ராணுவ வீரர் வழக்குல, சேரும்போது நோய் இல்லன்னு எழுதிட்டு எடுத்த ஆளுக்கு பெறகு நோய் வந்தா அது பணியால வந்ததுன்னு தான் கருதணும்னு சொல்லுச்சு. போலீஸ்ல மட்டும் என்ன, சும்மாவா எடுக்காக? 1500 மீட்டர 7 நிமிசத்துல ஓடணும். மார்ப டேப் வச்சு அளப்பாக, 81 சென்டிமீட்டர் இருக்கணும், மூச்ச இழுத்தா இன்னும் 5 சென்டிமீட்டர் விரியணும். சித்தப்பா ஆத்தங்கரையில வெள்ளன எந்திச்சு ஓடிப் பழகுனது எனக்கு ஞாபகம் இருக்கு, அப்ப நான் சின்னப் பையன், சைக்கிள்ல பின்னாடியே போவேன். அளந்து பாத்து வாங்குன நெஞ்சு அது. அந்த எடுப்பு மெடிக்கல் ரிப்போர்ட்டையும் சர்வீஸ் ரிஜிஸ்டரையும் மனுவோட சேத்துக் கேக்கணும்னு எங்க சீனியர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

காசு எவ்வளவுன்னு கேப்பாக. பழைய சட்டப்படி சாவுக்கு மாசச் சம்பளத்துல பாதிய வயசுக்கு உள்ள காரணியால பெருக்கணும். சம்பளம் எவ்வளவு வாங்கியிருந்தாலும் 15,000 தான் கணக்குல வரும், 2020 ஜனவரியில இருந்து அது தான் வரம்பு. 45 வயசுக்கு காரணி 169.44. அப்ப 7,500 பெருக்கல் 169.44, 12,70,800 ரூபாய். ஒரு மாசத்துக்குள்ள கட்டலன்னா 12 சதவீதம் வட்டி, நியாயமான காரணம் இல்லாம இழுத்தடிச்சா 50 சதவீதம் வரைக்கும் அபராதம். சாவுக்கான பணத்த துறை ஆணையர்கிட்ட தான் கட்டணும், மூணு மாசச் சம்பளம் வரைக்கும் குடுத்த முன்பணத்தத் தவிர, நேரா கையில குடுத்தத இந்தக் கணக்குல கழிக்க முடியாது. செத்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும். தாமதத்துக்கு தகுந்த காரணம் இருந்தா மன்னிக்கலாம், ஆனா அத நம்பி இருந்தா அதுக்குள்ள பதிவேடு எல்லாம் எங்க போச்சுன்னு தேடணும். ஆணையர் உத்தரவுல திருப்தி இல்லன்னா 60 நாளைக்குள்ள ஹைகோர்ட், நமக்கு மதுரைக் கிளை.

சித்தப்பா கேஸ்ல நாங்க கேட்ட முக்கியமான ஆவணம் அந்த வேனோட லாக் புக். அரசு வண்டி ஒவ்வொண்ணுக்கும் உண்டு, எங்க இருந்து எங்க, கிளம்புன நேரம், திரும்புன நேரம், மீட்டர் எவ்வளவு, டிரைவர் கையெழுத்து. கவுண்டர்ல சும்மா வழக்கமான டியூட்டி தான் பாத்தாருன்னு எழுதியிருந்தாக, அதுக்கு எதிரா லாக் புக்க கொண்டு வரச் சொல்லி மனு போட்டோம். மூணு வாய்தா தள்ளிப் போச்சு. நாலாவது வாய்தாவுல கொண்டு வந்தாக. பச்சை அட்டை, மூலையெல்லாம் எண்ணெய்க் கறை. சீனியர் பக்கத்தத் திருப்பும்போது நான் எட்டிப் பாத்தேன், அஞ்சு நாளும் சித்தப்பா கையெழுத்து தான், வேற டிரைவர் பேரே இல்ல. ஒரு நாளைக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் கொறையாம ஓடியிருக்கு, பாதி மலை ரோடு. மொத நாள் எழுத்து அச்சடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு. கடைசி வரியில காரையாறுங்கற எழுத்து கோணலா கீழ எறங்கிப் போயிருந்துச்சு, திரும்புன நேரம் காலை 4.40. செவுத்துல சாஞ்சது அஞ்சரைக்கு.

அத மனுதாரர் தரப்பு ஆவணமா மார்க் பண்ணியாச்சு. அந்தக் கான்ஸ்டபிள் தம்பிக்கு சம்மன் போயிருக்கு, அடுத்த வாய்தாவுக்கு வாறேன்னு போன்ல சொன்னான்.